எட்டு பீடி நேரம்

கிரேஸ்மணி டீச்சர்,
கூப்பிட்டதும் சொரிமுத்து திரும்பலன்னா
திமிருன்னு நெனச்சிராதீங்க.
கண்ணு ஒங்களயே பாக்கும்,
அவன் அங்கன இருக்க மாட்டான்.
சொவர்ல பல்லி எறங்குத நேரந்தான்.
வந்ததும் விட்ட எடத்துலருந்து சொல்லிக் குடுங்க,
நடுவுல ஒரு எழுத்து
அவனுக்குக் கெடச்சே இருக்காது.

பெருசா வந்தா வேற.
கை வெட்டும், வாய் கோணும், நுரை தள்ளும்.
சாவிக்கொத்த கையில திணிக்க வேண்டாம்,
பல்லுக்கு நடுவுல எதையும் வைக்க வேண்டாம்.
எடது பக்கமாப் பைய சரிச்சுப் போட்டு
மணியப் பாருங்க. அது போதும்.

மொத தடவ வந்தப்போ எங்க வீட்டுல கடியாரம் இல்ல.
மடியில தட்டு, தட்டுல எல,
பிள்ள தரையில கெடந்து வெட்டுதான்.
கை ஓடல.
மனசுக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தேன்,
தூளப் போட்டு, உருட்டி, மொன மடக்கி, நூலக் கட்டி
ஒண்ணு.
தூளப் போட்டு, உருட்டி
ரெண்டு.
எட்டு பீடி நேரம் டீச்சர்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் சொன்னேன்.
டாக்டரம்மா சிரிக்கல,
நாலு நிமிசம்னு எழுதிக்கிட்டாவ.

தலையில களிம்பு தடவி, ஒயர் ஒட்டி, காயிதம் எடுத்தாவ.
ராத்திரி அவன் பொரளுத மாரியே கோடு கோடா இருந்துச்சு.
மூளைங்கது பெறக்கும்போதே கட்டி முடிச்ச வீடு இல்லயாம்,
இப்பந்தான் காங்கிரீட்டு போட்டிருக்காம், பலக பிரிக்கலயாம்.
வெட்டு ஒரு மிதி.
சின்னதுலயே பயந்து பயந்து வளந்தா அது ஒரு மிதி.
ஒண்ணுன்னா தாங்கிக்கிடலாம்,
ரெண்டும் ஒரே எடத்துல விழுந்தா
படிச்சது நிக்காதாம், பயம் அடங்காதாம்.
எனக்கு ஒடனே வெளங்கிட்டு.
வீட்ல உள்ளவிய கொத்தனாரு.
எங்க வாசல்ல நாய் மிதிச்ச தடம்
இன்னும் அப்படியே கெடக்கு,
மழை பெஞ்சா நாலு கிண்ணம் தண்ணி நிக்கும்.

சின்னதுல எதையும் பாத்துப் பயந்தானாம்மான்னு கேட்டாவ.
வெள்ளத்தச் சொன்னேன்.
பெத்து இருவத்திரெண்டாம் நாளு
முக்கூடல்ல ஆறு தெருவுக்குள்ள ஏறி வந்துச்சு,
மச்சுல நனைஞ்சுக்கிட்டு ரெண்டு ராத்திரி,
பால் வத்திட்டு, பிள்ளைக்கு அழுது தொண்ட அடச்சிட்டு.
எழுதிக்கிட்டாவ.
பொய்யி இல்ல.
ஆனா ஆறு வந்தது ரெண்டு ராத்திரி.
அவிய வந்தது எல்லா ராத்திரியும்.

பிள்ள என் இடுப்புலதான் இருப்பான்.
ஒரு அடிகூட அவம்மேல விழல,
முதுகக் காட்டி நான் மறைச்சுக்கிடுவேன்.
மறைச்சுட்டேன்னுதான் நெனச்சேன்.

இப்பம் அவிய சத்தம் போடதில்ல.
அந்த எட்டு பீடி நேரமும் அவியளும் பக்கத்துல நின்னாவ,
அன்னையோட நிப்பாட்டியாச்சு.
குடி இருக்கு, கை இல்ல.
பிள்ளைக்கு அத எப்படிச் சொல்ல?
வாசல்ல செருப்பு கழத்துத சத்தம் கேட்டா
தூக்கத்துலயே ஒடம்பு வெறைக்கும்.
வெட்டோன்னு எந்திச்சு வெளக்கப் போடுவேன்.
வெட்டு இல்ல.
காது குடுத்துக் கேக்கான்.

அதனால கம்பு ஓங்க வேண்டாம் டீச்சர்.
அடிக்க மாட்டீயன்னு தெரியும், ஓங்கவும் வேண்டாம்.
மேசையில டஸ்டரத் தட்ட வேண்டாம்.
மத்த பிள்ளைய கோட்டின்னு கூப்பிட்டா
அவியள வெளிய வச்சுச் சொல்லுங்க,
இவன் முன்னால சத்தம் வேண்டாம்.
மருந்து ரெண்டு நேரமும் நான் குடுத்துருவேன்,
கொஞ்சம் தூங்கி விழுவான்.

இன்னொண்ணும் சொன்னாவ டாக்டரம்மா,
இது சிமெண்டு மாரி ஒரேயடியா எறுகாதாம்,
ரொம்ப வருசத்துக்கு ஈரம் இருக்குமாம்.
பாதிதான் கேட்டேன். அடுத்த டோக்கனக் கூப்பிட்டுட்டாவ.
நேத்து 'மு' எழுதுனான். சுழி நீண்டு கோட்டுக்கு வெளிய போயிட்டு.

டாக்டரம்மாகிட்ட மறச்சத ஒங்ககிட்டச் சொல்லிட்டேன்.
பதினாலாந் தேதி திரும்ப வரச் சொல்லிருக்கு,
அன்னைக்கு அங்கயும் சொல்லிரணும்.
பஸ்ஸுக்குத் துட்டு எடுத்து வச்சிருக்கேன்.
அவியளும் கூட வாரேன்னு சொல்லுதாவ.